கல்லூரிக்கு முன்பே ஒரு கிழக்காசிய மொழி

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்து பள்ளி மறுபடி திறக்கும் வரை கிடைக்கிற அந்த ஏழெட்டு வாரங்கள்தான் ஜப்பானியமோ கொரியனோ சீனமோ தொடங்க ஏற்ற காலம். பிளஸ் டூ முடித்த பிறகு தொடங்கினாலும் குற்றமில்லை. ஆனால் அப்போது கவுன்சலிங், கல்லூரி, விடுதி என்று தலைக்கு மேல் வேலை வந்துவிடும். பத்தாம் வகுப்பு விடுமுறையில் அந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

ஏன் இந்த ஆசை என்ற கேள்விக்கு இங்கே அதிகம் இடம் கொடுக்கப்போவதில்லை. கொரியத் தொடர் பார்த்து வந்ததோ, நருட்டோ கார்ட்டூன் பார்த்து வந்ததோ, ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் சித்தப்பா சொல்லி வந்ததோ, எதுவானாலும் சரி. முதல் மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் அது நல்ல ஆசைதான்.

எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தரும் நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. ஜப்பானியம், கொரியன், சீனம் மூன்றுக்கும் அது ஒதுக்கும் வகுப்பு நேரம் சுமார் 2,200 மணி. பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். நீங்கள் தினம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டு விடாமல் படித்தாலும் 730 மணிதான் தேறும். ஆகவே கல்லூரியில் கால் வைக்கும்போது சரளமாகப் பேசிவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். அந்த மதிப்பீடு ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கானது, தமிழருக்குச் சில இடங்களில் தள்ளுபடி உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த வயதில் குறி வைக்க வேண்டியவை மூன்று: சரியான ஒலி, பழுதில்லாத எழுத்து, வாக்கியத்தை அமைக்கிற பழக்கம். சொற்களை எந்த வயதிலும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் ஆண்டில் தப்பாகப் படிந்த உச்சரிப்பைத் திருத்தக் கல்லூரியில் யாருக்கும் நேரம் இருக்காது. சான்றிதழ் கிடைத்தால் நல்லது. அதற்காக இந்த மூன்றில் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எந்த மொழி?

ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரே கோடையில் மூன்றையும் தொட்டுப் பார்ப்பவர்கள் மூன்றிலும் 'வணக்கம், நன்றி' அளவிலேயே நின்றுபோவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் ஜப்பானியத்துக்கு வசதி அதிகம். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பு இருக்கிறது. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் சேர்ந்து நடத்துவது. நீண்ட காலமாக மொழி வகுப்புகளும் நடத்துகிறது, ஜப்பானிய மொழித் திறன் தேர்வையும் நடத்துகிறது. ஆசிரியர், தேர்வு மையம், மொழி தெரிந்தவர்களைத் தேடும் நிறுவனங்கள் மூன்றும் ஒரே ஊரில் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

கொரியனுக்குச் சென்னையில் 2006 முதல் இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங், அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் கொரிய நிறுவனங்கள் என்று அக்கம்பக்கத்தில் மொழிக்குத் தேவையும் இருக்கிறது. மூன்றில் தொடங்குவதற்குச் சுலபமானதும் இதுதான். எழுத்தைச் சில நாளில் படித்துவிடலாம். அதன் பிறகு ஏறுகிற ஏற்றம் ஜப்பானியத்தைவிடக் குறைந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சீனம் பேசுவோர் தொகையில் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். ஆனால் இந்திய மாணவருக்கு வழி கொஞ்சம் கரடுமுரடு. 2019இல் வெளியான கல்விக் கொள்கை வரைவில் பள்ளியில் கற்கத்தக்க அயல்மொழிகளில் ஒன்றாகச் சீனம் இருந்தது. 2020இல் வந்த இறுதி வடிவில் அது இல்லை, கொரியனும் ஜப்பானியமும் இருக்கின்றன. கொரோனா காலத்தில் சீனப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் 2022 வரை விசா கிடைக்காமல் வீட்டிலேயே முடங்கினார்கள். சீனம்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் தைவானையும் கணக்கில் சேருங்கள். அதன் பிரதிநிதி அலுவலகம் ஒன்று 2012 முதல் சென்னையில் இயங்குகிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் தைவான் நிறுவனம்தான். ஒன்றை மறக்க வேண்டாம்: சீனாவில் எளிமையாக்கிய எழுத்துகள், தைவானில் பழைய முழு வடிவ எழுத்துகள். எந்தப் பக்கம் போகப்போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு புத்தகம் வாங்குங்கள்.

ஆங்கிலத்தை ஓரம் வையுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் பாடப்புத்தகங்கள் எல்லாம் இலக்கணத்தை ஆங்கிலம் வழியாக விளக்குகின்றன. அது ஆங்கிலேயருக்குச் சரி. தமிழ்ப் பிள்ளை அந்த வழியில் போனால், நேரே இருக்கிற வீட்டுக்கு ஊரைச் சுற்றிப் போக வேண்டியதுதான்.

'அம்மா நேற்று சந்தையில் வாங்கிய மீன்.' இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். மீன் முதலில் வந்துவிடும், சந்தையும் நேற்றும் பின்னால் தொங்கும். ஜப்பானியத்தில் இது 'ஹஹ-க கினோ இச்சிபா-தெ கத்த சகன'. ஹஹ அம்மா, கினோ நேற்று, இச்சிபா சந்தை, தெ என்பது நம் 'இல்' உருபு, கத்த என்றால் வாங்கிய, சகன மீன். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. கொரியனில் 'ஒம்மா-கா ஒஜே சிஜாங்-எசொ சான் செங்சொன்'. அங்கேயும் அதே வரிசை. ஆங்கில வழிப் புத்தகம் இந்தப் பெயரெச்சத் தொடரைப் பல பாடம் தள்ளிவைத்து, ஏதோ மலையைத் தாண்டுவதுபோலச் சொல்லித்தரும். உங்களுக்கு அது முதல் வாரத்திலேயே புரியும்.

இன்னும் உண்டு. நாம் 'தின்று பார்' என்கிறோம். பார்ப்பதற்கும் தின்பதற்கும் என்ன தொடர்பு என்று நாம் யோசிப்பதே இல்லை. ஜப்பானியர் 'தபேதே மிரு' என்கிறார்கள். தபேதே தின்று, மிரு பார். கொரியரும் தின்பதோடு பார்ப்பதைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். விருந்து வருகிறது என்று முன்கூட்டியே 'வாங்கி வை' என்போம். ஜப்பானியர் 'கத்தே ஒகு' என்பார்கள், ஒகு என்றால் வை. 'மழை வரும் என்று நினைக்கிறேன்' என்பதில் வருகிற 'என்று'வுக்கு 'தொ' என்ற ஒரே அசை போதும், அதுவும் அதே இடத்தில் வந்து நிற்கும்.

ஜப்பானியம் படிப்பவர்களைப் பல மாதம் பாடாய்ப் படுத்துவது 'வ', 'க' என்ற இரண்டு இடைச்சொற்கள். இவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் தனிப் புத்தகங்களே இருக்கின்றன. முழு விளக்கம் நமக்கும் நாளாகத்தான் புரியும். ஆனால் தொடக்கத்துக்கு இது போதும்: 'நான் முருகன்' என்று அறிமுகம் செய்துகொண்டால் 'வ'. 'இங்கே யாரப்பா முருகன்?' என்று கேட்டு, 'நான்தான் முருகன்' என்று பதில் சொன்னால் 'க'. அந்த 'தான்' வருகிற இடத்தைக் காது பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

வாக்கியக் கடைசியில் வரும் 'தெஸ்', கொரியனில் வரும் 'யோ' இரண்டையும் ஆங்கில வினைச்சொல்லாக நினைத்துக் குழம்ப வேண்டாம். 'ஆமாங்க', 'வரேங்க', 'நான் மாணவன்ங்க' என்கிறோமே, அந்த 'ங்க' செய்கிற மரியாதை வேலையில் பெரும்பகுதியை அவை செய்கின்றன. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மரியாதை என்றதும் ஒரு எச்சரிக்கை. அனிமேயிலும் தொடர்களிலும் கேட்கிற பேச்சு பெரும்பாலும் நண்பர்களுக்குள், எதிரிகளுக்குள் பேசுவது. 'ஒமாயே' என்று ஆசிரியரைப் பார்த்துச் சொன்னால், நம்மூரில் வாத்தியாரை 'டேய்' என்று கூப்பிட்ட கதைதான். தொடர் பாருங்கள், காது பழகும். வாயில் வருவது மட்டும் பாடப்புத்தகத்துப் பேச்சாக இருக்கட்டும்.

இந்த ஒற்றுமைகளைப் பார்த்துவிட்டு 'தமிழிலிருந்துதான் ஜப்பானியம் பிறந்தது' என்று கிளம்பிவிடாதீர்கள். சுசுமு ஓனோ என்ற பெரிய ஜப்பானிய அறிஞர் தமிழோடு உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். யாழ்ப்பாணத்து ஆய்வாளர்கள் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். அதற்கும் முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். இரண்டையும் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வினை கடைசியில் வரும் மொழிகள் உலகில் ஏராளம், அவற்றுக்குள் இப்படிப்பட்ட ஒற்றுமைகள் தாமாகவே வரும். நமக்கு வேண்டியது உறவுமுறை இல்லை, உதவி. உதவித்தொகை நேர்காணலில் ஓனோவை இழுத்து வைத்துப் பேசி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு நீள நோட்டில் இடப்பக்கம் அந்த மொழி வாக்கியம், வலப்பக்கம் அதற்குச் சரியான பேச்சுத்தமிழ். எழுத்துத்தமிழ் வேண்டாம், வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி. ஆங்கிலம் அந்த நோட்டில் எங்கும் வரக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் போதும்.

சீனத்துக்கு இந்தச் சலுகை பாதிதான். அங்கே வினை நடுவில் வரும், வேற்றுமை உருபு கிடையாது, காலம் காட்டும் விகுதியும் கிடையாது. 'சந்தையில் வாங்கிய மீன்' போன்ற தொடரில் மட்டும் மீன் கடைசியில் வந்து நம்மோடு ஒத்துப்போகும். மிச்சத்தைப் புதிதாகத்தான் கற்க வேண்டும்.

காதும் வாயும்

மேலே ஜப்பானியத்தைத் தமிழெழுத்தில் எழுதியது சொல் வரிசையைக் காட்டத்தான். படிக்கும்போது அப்படி எழுதிவைக்காதீர்கள். நம் எழுத்தில் ஒரே 'க' இரண்டு ஒலிக்கும் நிற்கும். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள், முதல் 'ப' ஒரு மாதிரி, இரண்டாவது வேறு மாதிரி. தமிழில் இடத்தை வைத்தே அது தானாக மாறும். ஜப்பானியத்தில் அப்படி மாறாது, இரண்டும் தனித்தனி எழுத்து, தனித்தனிப் பொருள். அங்கே கவனம் தேவை.

கொரியனில் கதை வேறு. அவர்களின் சாதாரண மெய்யெழுத்தும் சொல்லின் முதலில் வல்லொலியாகவும் இரண்டு உயிருக்கு நடுவே மெல்லியதாகவும் மாறும், கிட்டத்தட்ட நம் வழக்கம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'தல்' என்று நம் காதில் ஒரே மாதிரி விழும் மூன்று சொற்கள் உண்டு. சாதாரணமாகச் சொன்னால் நிலா, தொண்டையை இறுக்கிச் சொன்னால் மகள், மூச்சைத் தள்ளிச் சொன்னால் முகமூடி. மகளை முகமூடி ஆக்காமல் இருக்க வேண்டுமானால் முதல் மாதத்திலேயே இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும்.

மூச்சொலிக்கு ஒரு எளிய வழி. மெல்லிய காகிதத் துண்டைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். சீனத்தில் அப்பாவைக் குறிக்கும் 'ப'வைச் சொல்லும்போது காகிதம் அசையவே கூடாது. 'பயப்படு' என்ற பொருள் தரும் 'ப'வைச் சொல்லும்போது அது துள்ள வேண்டும். சுருதி இரண்டுக்கும் ஒன்றே, வித்தியாசம் மூச்சில் மட்டும். நமக்கு முதலாவது இயல்பாக வரும், இரண்டாவதுக்குத்தான் பயிற்சி வேண்டும். தெலுங்கோ இந்தியோ பேசுகிற நண்பர் இருந்தால் அவரிடம் கேட்டுப் பழகலாம்.

நமக்கு வரமாக அமைந்த ஒலிகளும் உண்டு. ஜப்பானியத்தில் 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. குறில் நெடில் தெரியாத நாட்டுக்காரர்கள் இதில் தடுமாறுவார்கள். நாம் அகல், ஆகல் என்று படித்து வளர்ந்தவர்கள். 'கிதே' என்றால் வா, 'கித்தே' என்றால் தபால்தலை, இந்த ஒற்றும் நமக்குப் பழக்கம்தான். சீனத்தில் நாக்கை மடித்துச் சொல்லும் ஒரு ஒலிக்கு உலகம் முழுக்க மாணவர்கள் திண்டாடுகிறார்கள். அது நம் 'ழ'வுக்குப் பக்கத்து வீடு. 'ழ' சரியாக வராதவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள், இரண்டு பயன்.

சுருதியை ஏமாற்ற முடியாது. சீனத்தில் 'மாய்' என்பதை இறக்கி ஏற்றிச் சொன்னால் வாங்கு, மேலிருந்து வெட்டிச் சொன்னால் விற்பனை செய். கடையில் நிற்கும்போது இது விளையாட்டில்லை. தொடக்கத்தில் ஒற்றைச் சொல்லாகப் பழகாமல் இரண்டிரண்டு அசையாகச் சேர்த்து, ஆசிரியர் பின்னால் பாடுவதுபோலச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் குரலைக் கைபேசியில் பதிந்து ஒருமுறை கேட்டால் பாதிப் பிழை உங்களுக்கே தெரிந்துவிடும். இதைச் செய்யச் சொன்னால் எல்லோரும் கூச்சப்படுவார்கள். செய்துதான் ஆக வேண்டும்.

எழுத்து

கொரிய எழுத்து 1443இல் செஜோங் அரசர் காலத்தில் உருவாகி 1446இல் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அடிப்படை எழுத்துகள் 24. மெய்யும் உயிரும் ஒரே கட்டத்துக்குள் சேர்ந்து ஒரு அசையாகும். உயிர்மெய் தெரிந்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஜப்பானியத்தில் ஹிரகானா 46, கதகானா 46. இவை அடுக்கப்பட்டிருக்கும் வரிசையைக் கவனியுங்கள்: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந வரிசைகள். பௌத்தத் துறவிகள் வழியாகப் போன இந்திய எழுத்து மரபின் தாக்கம் அது. இரண்டு வாரத்தில் ஹிரகானா, அடுத்த இரண்டு வாரத்தில் கதகானா என்று வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஆங்கில எழுத்தில் அச்சிட்ட ஜப்பானியத்தைத் தொடவே தொடாதீர்கள். கணக்கு நோட்டின் கட்டங்களில், ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து வீதம், கோடு இழுக்கும் வரிசை மாறாமல் எழுத வேண்டும். வரிசை மாறினால் என்ன, உருவம் வந்தால் போதாதா என்று தோன்றும். பிறகு வேகமாக எழுதும்போதும், பிறர் கையெழுத்தைப் படிக்கும்போதும், கைபேசியில் விரலால் வரைந்து அகராதி தேடும்போதும் அந்த வரிசைதான் கைகொடுக்கும்.

சீன எழுத்துகள், அதாவது ஜப்பானியர் கஞ்சி என்று சொல்பவை, தனி உலகம். ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள். அங்கே பிள்ளைகள் ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் 1,026 கற்கிறார்கள். நீங்கள் கல்லூரிக்கு முன் முந்நூறு கற்றாலே நல்ல கணக்கு. தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்யாமல் உறுப்புகளாகப் பிரித்துப் படியுங்கள். மரத்துக்கான எழுத்தை இரண்டு எழுதினால் தோப்பு, மூன்று எழுதினால் காடு. எல்லா எழுத்தும் இவ்வளவு நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளாது என்பதும் உண்மை. ஜப்பானியத்தில் ஒரே எழுத்துக்குப் பல வாசிப்பு வேறு. மலையைக் குறிக்கும் எழுத்து தனியாக நின்றால் 'யமா', ஃபூஜி மலையின் பெயரோடு சேர்ந்தால் 'சான்'. வாசிப்புகளைத் தனியாக நெட்டுருப் போடாமல் சொல்லோடு சேர்த்தே கற்க வேண்டும்.

இந்த உழைப்பு வீண்போகாது. நூலகம் ஜப்பானியத்தில் 'தொஷோகன்', கொரியனில் 'தோசொக்வான்', சீனத்தில் 'துஷூகுவான்'. மூன்றும் ஒரே எழுத்துகளிலிருந்து வந்தவை. முதல் மொழியில் கால் ஊன்றிய பிறகு இரண்டாவதுக்குப் போகிறவர்கள் இதனால்தான் வேகமாகப் போகிறார்கள்.

திரும்பத் திரும்ப நினைவூட்டும் அட்டைகளுக்கு ஆங்கி என்ற செயலி இருக்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். அடுத்தவர் செய்த ஆயிரம் அட்டையை இறக்கிக்கொள்வதைவிட, நோட்டில் நீங்கள் எழுதிய வாக்கியங்களை நீங்களே அட்டையாக்குவது மேல்.

தேர்வும் நாள்காட்டியும்

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலை முதல் ஞாயிறும் டிசம்பர் முதல் ஞாயிறும் நடக்கும். ஐந்து நிலைகள். என்5 அடி, என்1 உச்சி. என்5 தேற 180க்கு 80 வேண்டும். கேட்டல் பகுதியில் 60க்கு 19 வராவிட்டால் மொத்தம் எவ்வளவு வந்தாலும் தோல்விதான். புத்தகத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். பேச்சும் எழுத்தும் இந்தத் தேர்வில் இல்லை, ஆகவே என்4 தேறியும் வாய் திறக்காதவர்கள் நிறையப் பேர் உண்டு.

பத்தாம் வகுப்பு விடுமுறையில் தொடங்கினால் பதினொன்றாம் வகுப்பு டிசம்பரில் என்5 எழுதலாம். பன்னிரண்டாம் வகுப்பில் தேர்வே வேண்டாம். தினம் இருபது நிமிடம் அட்டைகளைப் புரட்டினால் போதும், மொழி கலையாமல் இருக்கும். பொதுத்தேர்வு முடிந்ததும் ஏப்ரலிலிருந்து முழு மூச்சாக இறங்கி ஜூலையில் என்4 முயலலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜூலைத் தேர்வுக்கான பதிவு பெரும்பாலும் பொதுத்தேர்வுக் காலத்தை ஒட்டியே வரும், சென்னை மையத்தில் இடமும் சீக்கிரம் தீரும். வீட்டில் யாரிடமாவது முன்பே சொல்லிவையுங்கள்.

கொரியனுக்கு டோபிக். முதல் தாளில் இரண்டு நிலை, இரண்டாம் தாளில் நான்கு நிலை. முதல் தாள் 200 மதிப்பெண், 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. சான்றிதழ் இரண்டு ஆண்டுதான் செல்லும், எனவே பதினொன்றாம் வகுப்பிலேயே எழுதிவைத்துப் பயனில்லை. சீனத்துக்கு எச்.எஸ்.கே. 2021இல் ஒன்பது நிலை கொண்ட புதிய தரவரிசையை அறிவித்தார்கள், பழைய ஆறு நிலைப் புத்தகத்தை வாங்குமுன் எதன்படி தேர்வு நடக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தைவானுக்கு வேறு தேர்வு, அதன் பெயர் டோக்ஃபல்.

மொழியையே பட்டப்படிப்பாக எடுக்க நினைத்தால் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மூன்று மொழிக்கும் பி.ஏ. ஆனர்ஸ் உண்டு, சேர்க்கை கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக. சாந்திநிகேதனில் 1937இல் தொடங்கிய சீன பவனம் இன்றும் நடக்கிறது. என் கருத்தைக் கேட்டால், வேறொரு தொழில் படிப்போடு மொழியைச் சேர்த்துக்கொள்கிறவர்களுக்கே வேலைச் சந்தையில் பேரம் பேசும் பலம் அதிகம். மொழியின் மீதே காதல் என்றால் இந்தக் கருத்தை ஒதுக்கிவிடுங்கள்.

உதவித்தொகையும் ஏஜென்டும்

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் உண்டு. பொதுவாக ஐந்து ஆண்டு, அதில் முதல் ஆண்டு முதன்மையாக மொழிப் பயிற்சி. நுழைவுத் தேர்வில் கணக்கு, ஆங்கிலத்தோடு ஜப்பானிய மொழித் தாளும் இருக்கிறது. முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளியில் படிக்கும்போதே அந்தக் கணக்குத் தாளை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கொரிய அரசின் உதவித்தொகையும் ஒரு ஆண்டு மொழி, நான்கு ஆண்டு பட்டம் என்ற கணக்கு. மொழி ஆண்டு முடிவில் டோபிக் மூன்றாம் நிலை தேற வேண்டும். முன்பே ஐந்து அல்லது ஆறாம் நிலை வைத்திருப்பவர்களுக்கு மொழி ஆண்டு கிடையாது.

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, கொரியாவில் மார்ச்சில். நம் பிளஸ் டூ முடிவு மே மாதம். இடையில் ஏறக்குறைய ஒரு வருடம் கிடக்கும். அதைப் பார்த்துப் பெற்றோர் பதறுவார்கள். மொழிக்கு அதைவிட நல்ல காலம் பிறகு கிடைக்கவே போவதில்லை.

ஏஜென்ட்டுகள் விஷயத்தில் கறாராக இருங்கள். 'அங்கே மொழிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறோம், பகுதிநேர வேலையில் கட்டணம், வாடகை எல்லாம் வந்துவிடும், கடனையும் அடைத்துவிடலாம்' என்று சொல்வார்கள். ஜப்பானில் மாணவ விசாவில் இருப்பவர் பாடம் நடக்கும் நாள்களில் வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அதையும் தனியாக அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். அந்தச் சம்பளத்தில் கடனும் அடையாது, படிப்பும் ஏறாது. 2019இல் வந்த திறன் தொழிலாளர் விசாவையும் மாணவ விசாவையும் கலந்துகட்டிப் பேசுகிறவர்களும் உண்டு. அது வேலைக்குப் போகிற வழி, பட்டப்படிப்புக்குப் போகிற வழி இல்லை. கையெழுத்துப் போடுமுன் 'எந்த விசா?' என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பெற்றோருக்கு

பிள்ளை படிப்பை விட்டுவிட்டுக் கார்ட்டூன் பார்க்கிறது என்று தோன்றினால் அந்த நீள நோட்டைக் கேட்டுப் பாருங்கள். நோட்டில் வாக்கியங்கள் ஏறிக்கொண்டிருந்தால் கவலை வேண்டாம். பக்கம் காலியாக இருந்தால் கண்டிக்கலாம்.

விருந்தாளிகள் முன்னால் 'எங்கே, ஜப்பான் பாஷையில ஏதாவது பேசிக் காட்டு' என்று மட்டும் கேட்காதீர்கள். நல்லபடியாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்தக் கூச்சத்தில் வாயை மூடிக்கொள்வதுண்டு. டிசம்பர் முதல் ஞாயிறு கார்த்திகை முகூர்த்த நாளாக அமைந்து, சொந்தத்தில் கல்யாணம் வந்தாலும் வரும். நீங்கள் போய் மொய் எழுதிவிட்டு வாருங்கள், பிள்ளையைத் தேர்வு மையத்துக்கு அனுப்பிவையுங்கள்.